ஏரி நீரைச் சோதிக்கும் பெட்டி: ஆக்சிஜனில் நம்பலாம், பாஸ்பேட்டில் நம்ப வேண்டாம்

ஏரி, குளம், ஊருணி ஆகியவற்றின் நீரைக் கரையில் அமர்ந்தபடியே சோதித்துவிடலாம் என்ற உறுதிமொழியுடன் விற்கப்படும் கள நீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து ஏரிகள் வற்றத் தொடங்கிய கோடை வரை பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். அடிப்படையில் மீன், இறால் பண்ணைகளுக்காக உருவாக்கப்பட்ட பெட்டி இது. இப்போது ஏரிப் பாதுகாப்புக் குழுக்களுக்கும் பள்ளிகளின் சுற்றுச்சூழல் மன்றங்களுக்கும் ஏற்றது என்று கூறி, நீர்த்தாவரங்களை அடையாளம் காண வண்ண அட்டை ஒன்றையும் சேர்த்து விற்கிறார்கள். நான் வாங்கியபோது அஞ்சல் செலவு உட்பட நான்காயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. தயாரிப்பாளரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. வேறொரு பெட்டியைக் கையில் எடுப்பவரும் எவற்றைச் சரிபார்த்து வாங்க வேண்டும் என்று அறிந்துகொள்வதே என் நோக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரைந்த ஆக்சிஜன், காரத்தன்மை ஆகிய இரண்டு சோதனைகளுக்காக இந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை. அம்மோனியாச் சோதனை, பயன்படுத்துபவர் தாமே ஓர் அட்டவணையைத் தேடி வைத்துக்கொண்டால், பயன்படும். பாஸ்பேட் சோதனையோ ஏரியின் நலனை அறிய விரும்புபவரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். அந்தத் தவறிலிருந்து நம்மைக் காப்பாற்றக்கூடியவை நீரில் வளர்ந்திருக்கும் செடிகள்தாம். ஆனால் அச்செடிகளைப் படித்தறிவதற்கு இவர்கள் தந்திருக்கும் அட்டை, பெட்டியிலேயே மிகவும் பலவீனமான பொருளாக இருக்கிறது.

பெட்டியின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உறுதியான பிளாஸ்டிக் பெட்டிக்குள், குப்பிகள் ஒன்றோடொன்று மோதாதபடி நுரைப்பஞ்சில் குழிகள் வெட்டியிருக்கிறார்கள். பி.எச். (நீர் அமிலமா காரமா என்ற அளவு), காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் நீரின் திறன்), கடினத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பாஸ்பேட் என்று எட்டுச் சோதனைகளுக்குரிய வேதிப்பொருள்களும், கண்ணாடிக் குழாய்களும், ஒரு வெப்பமானியும், நீர் புகாத உறையிட்ட நிற அட்டையும் இருக்கின்றன. குழாய்களில் அச்சிட்ட அளவுக்கோடு சில வாரங்களிலேயே அழியத் தொடங்கியதால், கண்ணாடியில் கீறல் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சோதனைக்கு எடுத்துக்கொண்டவை செங்கல்பட்டு மாவட்டத்தில் எனக்கு நன்கு பழக்கமான இரண்டு ஏரிகள். முதலாவது, குன்றையும் புன்செய் நிலங்களையும் கடந்து வரும் மழைநீரை மட்டுமே நம்பியிருப்பது. மார்கழி, தை மாதங்களில் அங்கே ஆழமான பகுதியில் அல்லியும், அதற்கு முன்னால் கொட்டியும், இடையிடையே நீருக்கு மேல் சிறிய மஞ்சள் பூக்களை நீட்டியபடி யூட்ரிகுலேரியாவும், கரையோரச் சேற்றில் ஆரைக்கீரையும், கோரையும், நீர்முள்ளியும் வரிசை வரிசையாக வளர்ந்திருக்கும். இரண்டாவது, ஊர் விரிவடைந்தபோது வரத்து வாய்க்காலோடு வீட்டுக் கழிவுநீரும் வந்து சேரத் தொடங்கிவிட்ட ஏரி. அதன் வாய்க்கால் முகப்பில் சம்பும் வள்ளைக்கொடியும், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆகாயத் தாமரையும் படர்ந்திருக்கின்றன. கலங்கல் (மிகுநீர் வெளியேறும் இடம்) பக்கம் மட்டும் திறந்த நீரில் ஹைட்ரில்லா, செரட்டோஃபில்லம் ஆகிய மூழ்கு தாவரங்கள் அடர்ந்து, சில அல்லிக் கொடிகளும் மிஞ்சியிருக்கின்றன. ஒரே நாளில், ஒரே பெட்டியைக் கொண்டு இவ்விடங்களின் நீரைச் சோதித்தபோதுதான் எந்தக் குப்பி உண்மை பேசுகிறது, எது பேசவில்லை என்பது விளங்கியது.

கரைந்த ஆக்சிஜன் சோதனையே இப்பெட்டியின் சிறப்பு. ஹங்கேரிய வேதியியலர் லாயோஷ் விங்க்ளர் 1888இல் வெளியிட்ட முறையையே இங்கும் பின்பற்றுகிறார்கள். கண்ணாடி மூடியுள்ள சிறு குப்பியில் காற்றுக்குமிழி சிறிதும் தங்காதபடி நீரை நிரப்பி, மாங்கனீசு சல்ஃபேட் கரைசலையும், அதன்பின் கார அயோடைடு கரைசலையும் துளித்துளியாக விட்டு, மூடியைப் பொருத்திப் பலமுறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். நீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு திரண்டு, மெல்ல அடியில் படியும். ஆக்சிஜன் இல்லையென்றால் அது வெண்ணிறமாகவே நின்றுவிடும். பிறகு அமிலத்தை விட்டால் வீழ்படிவு கரைந்து பழுப்பு மஞ்சளாகும். ஸ்டார்ச் சேர்த்து நீலமாக்கி, அந்த நீலம் மறையும் வரை தையோசல்ஃபேட் துளிகளை எண்ணினால் அளவு கிடைத்துவிடும். நிற அட்டையோடு ஒப்பிட்டு ஊகிக்கும் வேலையே இதில் இல்லை. ஒருவர் கண்ணுக்கு இளம்பச்சையாகவும் மற்றவர் கண்ணுக்கு மஞ்சளாகவும் தெரியும் குழப்பத்துக்கு இடமில்லாததால், மாணவர்கள் கையில் கொடுத்தாலும் விடை பெரிதாக மாறுவதில்லை. கழிவுநீர் கலந்த ஏரிகளில் நைட்ரைட் இந்தச் சோதனையைக் கெடுக்கும். அதைத் தடுக்கும் சோடியம் அசைடை அயோடைடு கரைசலிலேயே சேர்த்திருப்பது பாராட்டத்தக்கது.

செடிகளுக்கும் நீரின் தரத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் கண்முன் நிறுத்தும் சோதனை வேறு இல்லை. இரண்டாவது ஏரியின் கலங்கல் பக்கத்தில், ஹைட்ரில்லாப் படுகைக்கு நடுவிலிருந்து பிற்பகல் மூன்று மணி அளவில் எடுத்த நீரில் வீழ்படிவு காப்பித்தூள் நிறத்தில் திரண்டது. தையோசல்ஃபேட் துளிகளை விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் காற்றிலிருந்து பெற்றுத் தாங்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான், பகல் முழுவதும் ஒளிச்சேர்க்கை செய்யும் மூழ்கு தாவரங்கள் அதையும் கடந்து நீரை நிறைத்துவிடுகின்றன. அதே இடத்தில் விடியுமுன் எடுத்த நீரோ வெளிர் மஞ்சளோடு நின்றது. இரவெல்லாம் செடிகளும் மீன்களும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களும் மூச்சுவிட்டுத் தீர்த்த மிச்சம் அது. ஆகாயத் தாமரை மிதவையைக் கையால் விலக்கி, அதற்கு அடியிலிருந்து குப்பியை நிரப்பியபோது, நண்பகலிலும் வீழ்படிவு பால் போல வெண்மையாகவே இருந்தது. மிதக்கும் இலைகள் தாம் உண்டாக்கும் ஆக்சிஜனைக் காற்றில் விட்டுவிடுகின்றன, நீருக்குள் ஒளியை நுழைய விடுவதில்லை, மடிந்து அழுகும் வேர்களையும் இலைகளையும் கீழே இறக்கிக்கொண்டே இருக்கின்றன. மூன்று குப்பிகளையும் வரிசையாக வைத்துக் காட்டினால், ஏரியில் பச்சையாக இருப்பதெல்லாம் ஏரிக்கு நன்மையன்று என்பதை எந்த ஊராட்சிக் கூட்டத்திலும் எளிதில் விளக்கிவிடலாம்.

இந்தச் சோதனையில் நான் காணும் ஒரே குறை, விளக்கத் தாளில் நேரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது. ஒரு முறை சோதித்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோலோடு ஒப்பிட்டுவிட்டுப் போகும்படிதான் தாள் சொல்கிறது. மீன்களும் நீர்வாழ் உயிர்களும் பெருகத்தக்க ‘டி’ வகை நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது அந்த வாரியத்தின் வகைப்பாடு. செடிகள் நிறைந்த ஏரி பிற்பகலில் இந்தத் தேர்வில் எளிதாகத் தேறிவிடும். அதிகாலையில் அதே ஏரியில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்துகொண்டிருக்கக்கூடும். ஒரே நாளின் இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடே ஏரியின் நிலையைச் சொல்கிறது.

காரத்தன்மைச் சோதனையும் துளிகளை எண்ணும் முறையில் அமைந்திருப்பதால் நம்பத்தக்கது. பி.எச். சோதனை சாதாரணமானது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பொருள் கிடைக்கிறது: செடிகளும் பாசிகளும் பகலில் நீரிலுள்ள கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொள்வதால் பி.எச். உயர்கிறது, காரத்தன்மை குறைந்த மழைநீரில் இந்த ஏற்றத்தாழ்வு மிகுதி, காரத்தன்மை மிகுந்த நீரில் குறைவு. ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா போன்றவை கார்பன் டைஆக்சைடு தீர்ந்த பின்னும் பைகார்பனேட்டைப் பயன்படுத்தி ஒளிச்சேர்க்கையைத் தொடர வல்லவை. எல்லா மூழ்கு தாவரங்களுக்கும் அந்தத் திறன் இல்லை. ஓர் ஏரியில் எந்தெந்தச் செடிகள் ஒன்றாக வாழ முடியும் என்பதைக் காரத்தன்மை பெரிதும் முடிவு செய்கிறது என்பதால், மாசுப்பொருள்களைப் பற்றி மட்டுமே கவலைப்படும் குழுக்கள் இந்தக் குப்பியைத் திறக்காமலே விட்டுவிடுவது வருந்தத்தக்கது.

அம்மோனியாவுக்கு வருகிறேன். இங்கே நெஸ்லர் கரைசலைக் கொடுத்திருக்கிறார்கள். அம்மோனியா இருந்தால் நீர் மஞ்சளாகி, மிகுந்தால் செம்மஞ்சளாகும். கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் கலங்கலை உண்டாக்கி நிறத்தை மறைத்துவிடும் என்பதால், முன்னதாக ரோஷல் உப்புக் கரைசலைச் சேர்க்க வேண்டும். அந்தக் குப்பி பெட்டியில் இருக்கிறது, ஆனால் அது எதற்கு என்று தாள் விளக்கவில்லை. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இச்சோதனை காட்டுவது மொத்த அம்மோனியா. மீனைக் கொல்வதோ அதில் அயனியாகாத பகுதி மட்டுமே. வாரியத்தின் ‘டி’ வகை வரம்பான லிட்டருக்கு 1.2 மில்லிகிராமும் அந்தத் தனித்த அம்மோனியாவுக்கு உரியது. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்கே தனித்த நிலையில் இருக்கும், பி.எச். 8இல் அது 7 விழுக்காட்டைத் தாண்டும், பி.எச். 9இல் ஏறத்தாழ 45 விழுக்காடு. பாசி அடர்ந்த ஏரியில் பிற்பகல் பி.எச். 9ஐத் தொடுவது அரிதன்று. அதாவது, காலையில் தீங்கற்றதாக இருந்த அதே அம்மோனியா மாலைக்குள் நஞ்சாக முடியும். இதைக் கணக்கிட ஒரு சிறு அட்டவணை போதும். மீன் பண்ணையாளர்களுக்கென்று உருவாக்கிய பெட்டியில் அதைச் சேர்க்காமல் விட்டதற்கு என்னால் காரணம் காண முடியவில்லை.

நெஸ்லர் கரைசலில் பாதரசம் இருக்கிறது. அதைக் குப்பியின் மேல் மிகச் சிறிய எழுத்தில் மட்டுமே அச்சிட்டிருக்கிறார்கள். சோதித்த நீரை என்ன செய்வது என்று எங்கும் கூறவில்லை. கரையிலேயே சோதனை செய்பவர்கள், எடுத்த நீரை எடுத்த இடத்திலேயே ஊற்றிவிடுவதுதான் இயல்பு. ஏரியைக் காக்க வந்தவர்கள் ஏரியில் பாதரசத்தை விட்டுச் செல்லும்படி ஒரு பொருளை வடிவமைப்பது ஏற்கத்தக்கதன்று. மூடியுள்ள தனிப் புட்டி ஒன்றைக் கழிவுக்கென்று எடுத்துச் செல்லுங்கள். நிரம்பியதும் அதை வேதியியல் ஆய்வகம் உள்ள கல்லூரியிடம் ஒப்படையுங்கள். பாதரசம் இல்லாத சாலிசிலேட் முறைக் குப்பிகள் அலங்கார மீன் கடைகளிலேயே கிடைக்கின்றன. வசதி இருந்தால் அதற்கு மாறிவிடுவதே முறை.

நைட்ரைட், நைட்ரேட் சோதனைகள் இரண்டும் இளஞ்சிவப்பு நிறத்தைக் கொண்டு அளவைச் சொல்கின்றன. அளவு நைட்ரேட்டாகக் குறிக்கப்பட்டதா, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனாகக் குறிக்கப்பட்டதா என்று நிற அட்டையில் இல்லை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நாலரை மடங்கு வேறுபாடு உண்டு என்பதால் இது சிறிய விடுபடல் அன்று. அதோடு, சதுப்பிலும் ஏரிச் சேற்றிலும் ஆக்சிஜன் தீர்ந்த இடங்களில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றுக்கு அனுப்பிவிடுகின்றன. ஆகாயத் தாமரைக்கு அடியில் எடுத்த நீரில் நைட்ரேட் நிறமே தோன்றவில்லை, அம்மோனியாவோ அட்டையின் உச்ச நிறத்தைக் காட்டியது. நைட்ரேட் குப்பியை மட்டும் நம்பியிருந்தால் ஏரியின் மிகக் கெட்டுப்போன மூலையைத்தான் மிகத் தூய்மையான இடம் என்று எழுதியிருக்க வேண்டும்.

பாஸ்பேட் சோதனையில் இதே சிக்கல் இன்னும் ஆழமாகிறது. மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்ந்து நீல நிறத்தைத் தரும் இந்த முறை ஆய்வகங்களிலும் பயன்படுவதுதான், முறையில் குறையில்லை. நிற அட்டையில்தான் குறை. சுழியத்துக்கு அடுத்து அதில் உள்ள முதல் நிறமே லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் பாஸ்பேட். அதைப் பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் 0.16 மில்லிகிராம். பாசியையும் செடிகளையும் பெருகவைக்கும் ஊட்டம் ஏரிகளில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றி, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) 1982இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, மொத்தப் பாஸ்பரஸின் ஆண்டுச் சராசரி 0.035 மில்லிகிராமைக் கடந்தாலே அது ஊட்டம் மிகுந்த ஏரி, 0.1ஐக் கடந்தால் மிகையூட்டத்தால் சீரழிந்த ஏரி. அந்த அளவுகோல் பெரும்பாலும் மிதவெப்ப நாடுகளின் ஏரிகளைக் கொண்டு உருவானது என்பதால் நம் ஏரிகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை மடங்கு வேறுபாடு என்பது விளங்கிவிடுகிறது: இந்தப் பெட்டி முதன்முதலாக நீல நிறத்தைக் காட்டும் வேளையில் ஏரி ஏற்கெனவே எல்லையைத் தாண்டி வெகுதூரம் சென்றிருக்கும். அதற்குக் கீழுள்ள எல்லா நிலைகளும், தெளிந்த மழைநீர் ஏரியும் கெடத் தொடங்கிய ஏரியும், ஒரே சுழியத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

அட்டையைத் திருத்திவிட்டாலும் தீராத சிக்கல் இன்னொன்று இருக்கிறது. இச்சோதனை காண்பது நீரில் கரைந்து, எடுத்துக்கொள்ளத் தயாராக நிற்கும் பாஸ்பேட்டை மட்டுமே. வெப்பமும் வெயிலும் மிகுந்த நம் ஊர் ஏரிகளில் அப்படிப்பட்ட பாஸ்பேட் வெகுநேரம் நிற்பதில்லை. மிதவைச் செடிகளும் பாசிகளும் வந்த வேகத்தில் உறிஞ்சிக்கொள்கின்றன. கழிவுநீர் ஏரியின் கலங்கல் பக்கத்தில் எடுத்த நீரும் மழைநீர் ஏரியின் நீரும் ஒரே நிறமின்மையோடு குழாய்களில் நின்றதற்குக் காரணம் இதுதான். முதல் ஏரியில் பாஸ்பரஸ் குறைவு. இரண்டாவதில் அது நீரை விட்டு ஆகாயத் தாமரையின் தண்டுகளுக்குள்ளும், ஹைட்ரில்லாவின் இலைகளுக்குள்ளும், சேற்றுக்குள்ளும் போய்ச் சேர்ந்திருக்கிறது. சேற்றில் இரும்போடு பிணைந்து கிடக்கும் பாஸ்பேட், மிதவைக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பிணைப்பு அவிழ்ந்து மீண்டும் நீருக்குள் வரும். அந்த வரவையும் செடிகள் விழுங்கிவிடும். கழிவுநீரை முற்றிலும் நிறுத்திய பிறகும் ஏரிகள் உடனே தேறாமல் போவதற்கு இந்த உள்ளிருப்பு ஒரு முக்கியக் காரணம்.

இதனால்தான் செடிகளின் பட்டியல் இல்லாமல் இந்தப் பெட்டியின் எண்களுக்குப் பொருள் இல்லை என்கிறேன். நெதர்லாந்தின் மார்ட்டென் ஷெஃபரும் உடன் பணியாற்றியோரும் 1993இல் எடுத்துரைத்த கருத்து இங்கே பெரிதும் உதவுகிறது: ஆழமற்ற ஏரி ஒன்று, நீரில் ஊட்டம் ஒரே அளவில் இருக்கும்போதே, மூழ்கு தாவரங்கள் நிறைந்த தெளிந்த நிலையிலும் இருக்கலாம், பாசி நிறைந்த கலங்கிய நிலையிலும் இருக்கலாம். செடிகள் சேற்றைக் கிளம்பவிடாமல் பிடித்து வைக்கின்றன, பாசியைத் தின்னும் நுண்விலங்குகளுக்கு மறைவிடம் தருகின்றன, தாமே ஊட்டத்தை உறிஞ்சுகின்றன. எனவே தெளிவு தெளிவைக் காக்கிறது. செடிகள் ஒருமுறை அழிந்துவிட்டால் கலங்கலும் அதேபோலத் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. நம் ஏரிகளில் பெரும்பாலானவை ஆழமற்றவை. பாஸ்பேட் குப்பி இந்த இரு நிலைகளையும் பிரித்துச் சொல்லாது. கரையில் நின்று பார்க்கும் கண் சொல்லிவிடும்.

இந்த இடத்தில்தான் பெட்டியோடு வந்த தாவர அட்டை கைகொடுத்திருக்க வேண்டும். இரண்டு பத்திகளில், ‘தூய நீர்த் தாவரங்கள்’, ‘மாசு நீர்த் தாவரங்கள்’ என்று பிரித்துப் படங்களை அச்சிட்டிருக்கிறார்கள். படங்கள் தெளிவாகவே இருக்கின்றன, ஆனால் பிரித்த விதம் தவறு. ஹைட்ரில்லாவையும் செரட்டோஃபில்லத்தையும் தூய நீர்ப் பத்தியில் வைத்திருக்கிறார்கள். இரண்டுமே ஊட்டம் மிகுந்த நீரையும் நன்றாகத் தாங்கி, அடர்ந்து வளரக்கூடியவை. சம்பை மாசு நீர்ப் பத்தியில் வைத்திருக்கிறார்கள்; சுத்தமான ஏரியின் ஓரத்திலும் அது அளவோடு வளரும், முகப்பில் நின்று வண்டலை வடிகட்டவும் செய்யும். கொட்டி, அல்லி, நெய்தல், ஆரை, நெட்டி போன்று ஊரார் எல்லாரும் அறிந்த செடிகளில் பல அட்டையில் இல்லவே இல்லை. குளிர்நாட்டு ஏரிகளில் வளரும் சில செடிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்கு வேறெங்கோ தயாரித்த படங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது.

தனியொரு செடியை வைத்து நீரைத் தீர்மானிக்க இயலாது. எத்தனை வகைச் செடிகள், எத்தனை விதமான வாழ்முறையோடு சேர்ந்து வளர்கின்றன என்பதையே பார்க்க வேண்டும். சேற்றில் வேரூன்றி மூழ்கி வாழ்வன, இலையை மட்டும் மிதக்கவிடுவன, வேரும் நீரிலேயே தொங்க மிதப்பன, கரையோரம் நிமிர்ந்து நிற்பன ஆகிய நான்கும் ஓர் ஏரியில் இருந்தால், ஒளி அடிவரை செல்கிறது என்றும், ஊட்டம் அளவோடு இருக்கிறது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். அவற்றுள் மிதப்பன மட்டும் பெருகி மற்றவை மறைவது கெடுதலின் தொடக்கம். சில செடிகள் கூடுதலாகவும் சொல்கின்றன. யூட்ரிகுலேரியா சிறு பைகளால் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தனக்கு வேண்டிய ஊட்டத்தைச் சேர்த்துக்கொள்வதால், நீரில் ஊட்டம் குறைந்த இடத்திலும் தழைக்கிறது. மிதக்கும் சிறு பெரணியான அசோலா தன் இலைகளுக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசியின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெற்றுக்கொள்ளும்; நைட்ரஜனுக்கு அது நீரை எதிர்பார்ப்பதில்லை, பாஸ்பரஸுக்கு எதிர்பார்க்கிறது. நைட்ரேட் குறைந்து அசோலா பாயாகப் பரவியிருக்கும் குளத்தில், பாஸ்பேட் குப்பி சுழியம் என்று சொன்னாலும் நான் அசோலாவின் சொல்லையே ஏற்பேன்.

பருவத்தையும் அட்டை கணக்கில் கொள்ளவில்லை. நம் ஏரிகள் கோடையில் வற்றுபவை. அல்லியும் கொட்டியும் கிழங்காகச் சேற்றுக்குள் காத்திருந்து, ஐப்பசி மழைக்குப் பின் எழுகின்றன. மழை பெய்தவுடன் நீர் கலங்கலாகவும் செடியின்றியும் இருப்பது மாசன்று. பங்குனியில் செடிகள் கருகுவதும் மாசன்று. பட்டியல் எடுக்கத் தகுந்த காலம் மார்கழி முதல் மாசி வரைதான்.

எண் ஒன்றாக இருந்தாலும் அதன் காரணம் வேறாக இருக்கலாம் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு வேடந்தாங்கல். 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஏரியில், நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலக்கிறது. உரமேறிய அந்த நீர் வயலுக்கு நல்லது என்று அறிந்தே ஊர் மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து பறவைகளைக் காத்து வருகிறார்கள். அப்படிப்பட்ட ஏரியில் அம்மோனியாவோ நைட்ரேட்டோ கூடுதலாகத் தெரிந்தால், அதைக் கழிவுநீர் ஏரியின் அதே எண்ணோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. விளக்கத் தாளில் உள்ள ‘நன்று, சுமார், மோசம்’ என்னும் மூன்று கட்டங்களில் இதற்கு இடமே இல்லை.

பெட்டியில் இருந்திருக்க வேண்டிய மற்றொரு பொருள் செக்கி தட்டு. கறுப்பும் வெள்ளையுமாக நான்கு பங்கிட்டு வண்ணம் தீட்டிய, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறிப்பதே முறை. 1865இல் இத்தாலிய வானியலர் ஆஞ்செலோ செக்கி அறிமுகப்படுத்தியது. மூழ்கு தாவரங்களுக்கு ஒளி எவ்வளவு ஆழம் கிடைக்கிறது என்பதை இதைவிட மலிவாக அறிய வழியில்லை. பழைய பிளாஸ்டிக் மூடியிலேயே செய்துகொள்ளலாம். அதற்குப் பதிலாக டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை இலவசமாக அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக் குடிநீர் இயந்திரத்தால் எல்லாருக்கும் பழகிப்போன கருவி அது; நீரில் கரைந்த உப்புகளின் மொத்தத்தைக் காட்டுமே தவிர, அந்த உப்பு பாறையிலிருந்து வந்ததா சாக்கடையிலிருந்து வந்ததா என்று சொல்லாது.

பயன்பாட்டில் கண்ட மற்றக் குறைகள் சிலவற்றையும் சொல்ல வேண்டும். விளக்கத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கிறது. அடர் அமிலக் குப்பியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. பெட்டியைச் சாய்த்து எடுத்துச் சென்றபோது நுரைப்பஞ்சின் ஒரு பகுதி அரித்துப் போயிருந்தது. மாணவர்கள் தொடும் பொருளில் கையுறையும் கண்ணாடியும் வைக்காதது பொறுப்பின்மை. காலாவதி நாள் பெட்டியின் வெளியே மட்டும் அச்சிடப்பட்டிருப்பதால், மறுநிரப்புக் குப்பிகள் வாங்கி மாற்றிய பிறகு எது பழையது, எது புதியது என்று தெரிவதில்லை. இவற்றைக் குறிப்பிட்டு எழுதியபோது, மூடியை மாற்றி அனுப்பினார்கள், தாமதமின்றி. பாஸ்பேட் நிற அட்டையைப் பற்றிய கேள்விக்குப் பதில் வரவில்லை. பச்சை நிறம் படிந்த ஏரி நீரைச் சோதிக்கும்போது, வேதிப்பொருள் சேர்க்காத அதே நீரை இன்னொரு குழாயில் எடுத்து நிற அட்டைக்கு முன்னால் பிடித்து ஒப்பிட வேண்டும் என்ற எளிய அறிவுரையும் தாளில் இல்லை. அதைச் செய்யாவிட்டால் நிறச் சோதனைகள் எல்லாமே உயர்ந்த அளவைக் காட்டும்.

யார் வாங்கலாம் என்றால், மீன் வளர்ப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஏரிக் குழுக்களும் பள்ளிகளும் முழுப் பெட்டியை வாங்குவதைவிட, ஆக்சிஜன், காரத்தன்மை, பி.எச். ஆகிய மூன்றுக்கும் உரிய குப்பிகளைத் தனித்தனியாக வாங்கி, சாலிசிலேட் முறை அம்மோனியாக் குப்பியையும் சேர்த்துக்கொண்டால் செலவு பாதியாகக் குறையும். மிச்சப்படும் பணத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்தில், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மொத்தப் பாஸ்பரஸ் சோதனை செய்துகொள்ளுங்கள். கரைந்த பாஸ்பேட்டையன்று, மொத்தப் பாஸ்பரஸைத்தான் கேட்க வேண்டும், எவ்வளவு குறைந்த அளவு வரை அவர்களால் அளக்க முடியும் என்பதையும் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். தாவர அட்டையை எடுத்து வைத்துவிட்டு, அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையினரையும், அந்த ஏரியில் கீரையும் கிழங்கும் பறிக்கும் ஊர்ப் பெண்களையும் ஒன்றாக அழைத்துக் கரையைச் சுற்றி வந்தால், அந்த ஏரிக்கே உரிய பட்டியல் ஒன்று கிடைக்கும். வேதிப்பொருள்களின் ஆயுள் ஓராண்டுதான் என்பதால், புரட்டாசி இறுதியில் வாங்கினால் ஒரு முழு நீர்ப்பருவத்துக்கும் பயன்படும். சித்திரையில் வாங்குபவர்களுக்கு ஏரியில் நீர் வருவதற்குள் பாதி ஆயுள் கழிந்துவிடும்.